நீலம் எது என்று கேட்டவன்

“இது நீலம் இல்லைங்க.”

மழைச் சத்தத்துக்கு நடுவே தெளிவாகக் கேட்டது அந்தக் குரல். மியேக்கோ திரும்பிப் பார்த்தாள். வெள்ளைப் பைன் வரிசையில், ஈர மண்ணில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான் அவன். தலையில் தொப்பி இல்லை. முன்முடியிலிருந்து நீர் சொட்டி மூக்கு நுனியில் தொங்கியது... அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் தொட்டிச் செடியின் ஊசியிலைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எது நீலம் இல்ல?”

“இது. அதோ அது. இந்த வரிசையே நீலம் இல்ல.”

மியேக்கோவுக்குச் சுருக்கென்றது. கேன்பி வட்டாரத்தில் ஒக்குபோ நர்சரி என்றால் வெள்ளைப் பைன். ஒக்குபோ நர்சரியில் வெள்ளைப் பைன் என்றால் மியேக்கோ. ஒட்டுக் கட்டியது அவள், நீர் ஊற்றியது அவள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதித் தொங்கவிட்டதும் அவள்தான். சிவப்பு மழைக்கோட்டின் முக்காட்டைத் தள்ளிவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

“பேரைப் படிச்சீங்களா? ‘ப்ளூ ஏஞ்சல்’னு எழுதியிருக்கு.”

“எழுதிப் போட்டா நீலமாயிடுமா? என் கடை வாசல்லகூட ‘உலகத்திலேயே நல்ல ரொட்டி’ன்னு எழுதியிருக்கேன்.”

“அப்ப நீங்க பொய் எழுதற ஆளு. நான் அப்படி இல்ல.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். சாம்பல் கண்கள். மழை பெய்கிற வானத்தையே கொஞ்சம் கிள்ளி வைத்த மாதிரி... சே, இப்போது இதுவா முக்கியம்? மியேக்கோ பார்வையைச் செடிக்குத் திருப்பினாள்.

திருப்பியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உண்மைதான். அந்த வரிசை பச்சையாகத்தான் இருந்தது. போன மாதம் செடிப்பேன் விழுந்ததென்று அவளே எண்ணெய் அடித்திருந்தாள். திராட்சைமேல் சாம்பல் பூத்திருக்குமே, அதுபோல ஊசிகளின்மேல் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும். நீலமே அதனால்தான். எண்ணெய் பட்டால் அது கரைந்துபோய்விடும்.

“எண்ணெய் அடிச்சேன்,” என்றாள், முணுமுணுப்பாக. “வசந்தத்துல புதுத் தளிர் வந்தா மறுபடியும் நீலம் ஆயிடும்.”

“என்ன சொன்னீங்க? மழையில கேக்கல.”

“எண்ணெய் அடிச்சேன்னு சொன்னேன்!”

“கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு.”

உதட்டோரம் ஒரு சிரிப்பு. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஒரு செடியும் வாங்காமல், நனைந்துகொண்டே வண்டிக்குப் போய்விட்டான். என்ன திமிர்! அன்று மாலை முழுக்க மியேக்கோ தொட்டிகளை டம்டம்மென்று வைத்தாள். எதற்கு என்று அவள் அப்பா கேட்டபோது, “ஒண்ணுமில்ல,” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஷிகேரு ஒட்டுக் கட்டும் கூடத்தின் கதவைத் திறந்து தலையை நீட்டினார். கையில் ஒரு பெரிய ரொட்டி. வாயில் அதன் ஒரு பகுதி.

“உன்னைத் தேடி ஒருத்தன் வந்திருக்கான். காக்கிக் கோட்டு போட்ட பொண்ணு எங்கேங்கறான். நம்மகிட்ட ஏதும்மா காக்கிக் கோட்டு?”

“காக்கியா? யாரு?”

“தெரியல. ஆனா இந்த ஹேசல்நட் ரொட்டி... மியேக்கோ, அவன் யாரா இருந்தாலும் மரியாதையா பேசு.”

அவன் பெயர் கார்வின் டெபட். பக்கத்து ஊர் அரோராவில் ரொட்டிக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு சிறு முற்றம். மூன்று பக்கமும் செங்கல் சுவர், நடுவில் வெறும் மண். காலை அடுப்பு வேலை முடிந்ததும் காலி மாவு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அங்கேதான் உட்காருவானாம்.

“அந்தச் சுவரையே எத்தனை வருஷம் பார்க்கிறது? ஒரு மரம் வேணும். நீலமா இருக்கணும். நிஜமாவே நீலம்.”

“ஏன் நீலம்? பச்சைன்னா உங்களுக்கு என்ன பகை?”

அவன் ஒரு கணம் தயங்கினான். “பகை எல்லாம் இல்ல. பச்சைதான் என்கிட்ட பேசமாட்டேங்குது.”

மியேக்கோ சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று நினைவு வந்தது.

எண்ணெய் படாத பின்வரிசைகளுக்கு அவனை அழைத்துப் போனாள். முதலில் டெம்பிள்ஹாஃப் என்ற ரகம். திடகாத்திரமான மரம். “பத்து வருஷத்துல உங்க கூரையைத் தாண்டும், அப்புறம் அடுப்புப் புகைபோக்கிக்கும் அதுக்கும் சண்டை வரும்,” என்றாள். அவன் வேண்டாமென்றான். அடுத்து நெகிஷி. மெதுவாக, நெருக்கமாக வளர்வது. “இது சமத்து. ஆனா இது ஆளுயரம் வர்றதுக்குள்ள நமக்கு வயசாயிடும்.”

‘நமக்கு’ என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“அது... பொதுவா சொன்னேன்.”

“நானும் பொதுவாத்தான் கேட்டுக்கிட்டேன்.”

மூன்றாவதாகக் குண்டாகப் பரந்திருந்த பெர்க்மேன். “வசந்தத்துல இதைப் பார்க்கணும் நீங்க! நீல ஊசிக்கு நடுவுல சிவப்புச் சிவப்பா மொட்டு வரும். கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும்!” என்றாள். உற்சாகத்தில் அவன் கையைக்கூடத் தொட்டுவிட்டாள். அவன் முகம் ஏனோ சட்டென்று மூடிக்கொண்டது. “அப்படியா,” என்றான், அவ்வளவுதான்.

மியேக்கோ கையை எடுத்துக்கொண்டாள். தொட்டது பிடிக்கவில்லையோ...

ஆனால் அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஒவ்வொரு முறையும் ஒரு ரொட்டி. ஒவ்வொரு முறையும் இன்னும் முடிவு பண்ணவில்லை என்று ஒரு சாக்கு. ஒருநாள் மியேக்கோ ஒரு ஊசிக் கொத்தைப் பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஐந்து ஊசிகள். முதுகு பச்சை. வயிற்றில் மட்டும் நீலவெள்ளைக் கோடுகள்.

“எல்லா வெள்ளைப் பைனுக்கும் நீலம் உண்டு. உள்பக்கம் ஒளிச்சு வச்சிருக்கும். ஊசி முறுக்கிக்கிட்டு வளர்ற ரகத்துலதான் அது வெளிய தெரியும்.”

“முறுக்கிக்கிட்டா?” அவன் அவளைப் பார்த்தான். “அப்போ முறைச்சுக்கிட்டு இருக்கிறவங்க உள்ளேதான் நல்லது இருக்கும்னு சொல்றீங்க.”

“நான் மரத்தைச் சொன்னேன்.”

“நானும்தான்.”

காற்று வீசியது. வரிசை முழுக்க ஊசிகள் ஒருசேரப் புரண்டு வெளிர்நீலமாகச் சிலிர்த்தன. அவன் அப்படியே நின்றுவிட்டான். பரிசுப்பொட்டலத்தைப் பிரித்த குழந்தை மாதிரி ஒரு முகம். இவ்வளவு நாள் செடி விற்றதில் இப்படி ஒரு முகத்தை மியேக்கோ பார்த்ததே இல்லை. இந்த மனிதனுக்கு இந்த மரத்தை மட்டும் இல்லை, மலையையே தூக்கிக் கொடுக்கலாம் என்று தோன்றியது...

அன்றுதான் அவன் முடிவு செய்தான். எண்ணெய் படாத ப்ளூ ஏஞ்சலிலேயே, தோள் உயரத்தில், ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்ற ஒன்று. அதன் கழுத்தில் அவன் பெயரைக் கட்டினாள். மரம் முடிவாகிவிட்டது. இனி எதைச் சாக்காகச் சொல்லி வருவான்?

“அடுத்த ஞாயிறு வாங்க,” என்றாள் அவசரமாக. “எங்க மேப்பிள் சரிவைக் காட்டறேன். அக்டோபர் கடைசிதான் அதுக்கு நேரம். அப்பாவும் இருப்பார்.”

அவன் கண்ணில் சின்னதாக ஒரு பயம் வந்துபோனதை அவள் கவனிக்கவில்லை. “வர்றேன்,” என்றான்.

அந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. சரிவு முழுக்க மேப்பிள் மரங்கள் பற்றி எரிந்தன. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து நின்றார்கள். சரிவின் நடுவில், மற்ற எல்லாச் சிவப்பையும் மங்கலாக்கிக்கொண்டு ஒரு மரம். மியேக்கோவின் அம்மா இறந்த வருடம் அப்பா விதை நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுத்தது. அம்மாவின் பெயரையே வைத்திருந்தார், யோஷியே. யார் கேட்டும் அதை விற்றதில்லை.

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார். ரொட்டிக்காரன்மேல் அவருக்கு ஏற்கெனவே பாசம்.

“சொல்லு தம்பி, இதுல எது உன் கண்ணுக்கு நிக்குது?”

கார்வின் சரிவை மேலும் கீழும் பார்த்தான். நெற்றி வியர்த்திருந்தது. பிறகு ஒரு மரத்துக்கு நேரே கையை நீட்டினான். “அது! இப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததே இல்லைங்க.”

அவன் காட்டியது யோஷியேவுக்குப் பக்கத்தில், இன்னும் நிறம் மாறாமல் பச்சைப் பசேலென்று நின்ற மரத்தை.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவின் முகம் இறுகியது. “பாராட்ட மனசில்லைன்னா சும்மா இருந்திருக்கலாம் தம்பி,” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

மியேக்கோவின் காது சூடானது. “என்ன இது கார்வின்? நடுவுல நிக்கிறது எங்கம்மா மரம். அதுக்கு முன்னாடி நின்னு எங்கப்பாவைக் கிண்டல் பண்றீங்களா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் முகம் கழுத்துவரை சிவந்துபோயிருந்தது.

“எனக்குக் கடையில வேலை இருக்கு,” என்றான். போயே போய்விட்டான்.

நவம்பர் வந்தது. சனிக்கிழமைகள் வந்தன. ரொட்டி மட்டும் வரவில்லை. கழுத்தில் பெயர்ச்சீட்டோடு அந்தச் சாய்ந்த பைன் மழையில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் மியேக்கோ வேகமாக நடந்தாள். மன்னிப்புக் கேட்கக்கூட வராத ஆள்... நான் ஏன் நினைக்க வேண்டும்? நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே நாள் போனது.

கடைசியில் அவளுக்குப் பொறுக்கவில்லை. “அப்பா, அந்த மரத்தைக் கொண்டுபோய் இறக்கிட்டு வந்துடலாம். கணக்குத் தீரட்டும்.”

“நீயே போ.”

“வேர்க்கட்டு மண்ணோட ரொம்பக் கனம். ஒரு ஆளால தூக்க முடியாது.”

அப்பா உறுமிக்கொண்டே வண்டியில் ஏறினார். அரோராவில் கடை வாசலில் நிறுத்தியதும் கையைக் கட்டிக்கொண்டார். “நான் இறங்கமாட்டேன். அவனையே வந்து தூக்கச் சொல்லு.”

மியேக்கோ கதவைத் தள்ளினாள். வெண்ணெய் வாசனை முகத்தில் மோதியது. கல்லாவில் இருந்த லொரெய்ன் என்ற அம்மாள் இவளைக் கவனிக்கவே இல்லை. உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

“கார்வின்! இந்தப் பிஸ்கட்டை யாரு அடுக்கினது? சிவப்பு ஒரு தட்டு, பச்சை ஒரு தட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? ரெண்டையும் கலந்து வச்சிருக்கே! நிறம் பார்க்கிற வேலையை என்கிட்ட விடுன்னு எத்தனை தடவைப்பா சொல்றது? ரொட்டி வெந்துச்சான்னு தட்டிப் பார்த்துச் சொல்ற காது உனக்கு. அது போதும். கண்ணு வேலைக்கு நான் இருக்கேன்ல!”

மியேக்கோ அப்படியே நின்றாள்.

காக்கிக் கோட்டு... சிவப்பு மொட்டு என்றதும் மூடிக்கொண்ட முகம்... பச்சை என்னோடு பேசமாட்டேன் என்கிறது...

கடவுளே. நான் எதைக் காட்டக் கூப்பிட்டேன்? எந்த இடத்தில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டேன்?

உள்ளேயிருந்து மாவுக் கையோடு வந்த கார்வின் அவளைக் கண்டதும் நின்றான். லொரெய்ன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஓ... அந்தப் பைன் பொண்ணா?” என்றவள், “எனக்குப் பின்னாடி மாவு மூட்டை எண்ணணும்,” என்று மறைந்துபோனாள்.

“எப்போதிலிருந்து?” என்று கேட்டாள் மியேக்கோ.

அவன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

“பிறந்ததிலிருந்து. பதினெட்டு வயசு வரைக்கும் பெரிசா தெரியல. கப்பல்ல வேலைக்குப் போகணும்னுதான் வளர்ந்தேன். எங்க வீட்டுச் சுவர் முழுக்கக் கப்பல். கண் பரிசோதனையில ஒரு அட்டையைக் காட்டி இதுல என்ன எண்ணுன்னு கேட்டாங்க. எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது. பின்னாடி வரிசையில நின்னவனுங்க சிரிச்சானுங்க. அன்னைக்கு வச்ச சபதம், இனிமே யார்கிட்டயும் இதைச் சொல்றதில்லைன்னு.”

“என்கிட்டயுமா?”

“உங்ககிட்டதான் முக்கியமா. நிறத்தையே வாழ்க்கையா வச்சிருக்கிற பொண்ணுகிட்ட, எனக்குச் சிவப்பும் தெரியாது பச்சையும் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? ரெண்டும் எனக்கு ஒரே பழுப்புதாங்க. நீலம்தான் சந்தேகமே இல்லாம தெரியும். அதான் அந்த மரத்தைத் தேடி வந்தேன்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அன்னைக்கு எல்லாரும் ஆஹா ஆஹான்னாங்க. எந்தப் பக்கம் பார்த்து ஆஹா சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஏதோ ஒண்ணைக் காட்டிட்டேன். உங்கம்மா மரத்துக்கு முன்னாடி போய்...”

“நானும் கேட்டிருக்கலாம்,” என்றாள் மியேக்கோ. “கேக்காம கத்தினேன். எங்க குடும்பத்துக்கே மூக்குநுனியில கோபம். இருங்க.”

ஓடினாள். வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள். மழைக்குள் நின்றபடியே அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பா நேரே முன்னால் ஓடாத கண்ணாடித் துடைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

கடைக்குள் வந்து கார்வின் முன்னால் நின்றார்.

“அந்த மரம்... யோஷியே... அது உனக்கு எப்படித் தெரியுது? இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லு.”

கார்வின் யோசித்தான். நிதானமாகச் சொன்னான்.

“நனைஞ்ச மண்ணு மாதிரி நிறம். ஆனா வெயில் மத்த மரத்துமேல விழுந்து வழிஞ்சு போயிடுதுங்க. அந்த ஒரு மரத்துல மட்டும் உள்ள போய் உட்கார்ந்துக்குது. நிறம் தெரியாட்டியும் அதை நான் பார்த்தேன். அதைச் சொல்லியிருக்கணும். சிவப்புன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவளும் அப்படித்தான்,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரமாகத் திரும்பினார். “சரி சரி, மரத்தைத் தூக்கு. ஒரு முனை நீ, ஒரு முனை நான். சாய்ச்சுடாதே, என் பொண்ணு ஒட்டுக் கட்டினது.”

செங்கல் சுவருக்கு நடுவே மரத்தை இறக்கினார்கள். அப்பா அதை இப்படியும் அப்படியும் திருப்பி, சாய்ந்த பக்கம் கார்வின் உட்காரும் வாளியை நோக்கி இருக்கும்படி நிறுத்தினார். லொரெய்ன் கொடுத்த ஹேசல்நட் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நான் வண்டியில உட்கார்ந்து இதைச் சாப்பிடறேன். பெரிய ரொட்டி. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல,” என்று மகளைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

முற்றத்தில் தூறல் மட்டும் மிச்சம். நீல ஊசிகளின் நுனிகளில் முத்து முத்தாக நீர்...

“மியேக்கோ,” என்றான் கார்வின். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். “ஒண்ணு சொல்லணும். உங்க கண்ணு என்ன நிறம்னு எனக்குத் தெரியாது.”

“பழுப்பு. ரொம்பச் சாதாரணம்.”

“பச்சைன்னு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். ஆனா வேற ஒண்ணு தெரியும். உங்களுக்குச் சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி இடது கண்ணோரம் முதல்ல சுருங்கும். அப்புறம்தான் வாய்க்குத் தகவல் போகும். ஒரு மரம் வாங்க எவனாவது இத்தனை சனிக்கிழமை வருவானா? அதைப் பார்க்கத்தான் வந்தேன். இன்னும் ஆயுசு முழுக்கப் பார்க்கணும்னு இருக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. இதைச் சொல்லாமலே இருந்துடலாம்னுதான் நினைச்சேன். என்னால முடியல.”

எத்தனையோ பேர் மியேக்கோவை அழகு என்றிருக்கிறார்கள். இப்படி யாரும் பார்த்துச் சொன்னதில்லை.

“எந்தக் கண்ணு?” என்றாள், குறும்பாக.

“இடது.”

“நல்லாத் தெரியுமா? பக்கத்துல வந்து பார்த்துட்டுச் சொல்லு.”

நீங்க, நீயாகிவிட்டதை அவன் கவனித்துவிட்டான். ஒரு அடி முன்னால் வந்தான். மாவு ஒட்டிய விரலால் அவள் கன்னத்தில் விழுந்த தூறலைத் துடைத்தான். துடைத்த இடத்தில் மாவு அப்பிக்கொண்டது.

“இப்போ சுருங்குது,” என்றான் மெதுவாக.

“சுருங்கட்டும்,” என்றாள் மியேக்கோ. “எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு கார்வின். முதல் நாள், நீலமே இல்லைன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தியே... அந்த நிமிஷத்திலிருந்து.”